காற்றில் வந்ததைத் தட்டில் ஏற்ற: ஒரு டாங்கிளும் அப்ரகடாப்ராவும்

ரெக்கார்டையும் பிளேயையும் ஒருசேர அமுக்கி வானொலியைக் கேசட்டில் பிடித்தவர்களுக்கு டிஜிட்டல் வானொலிப் பெட்டி ஒரு ஏமாற்றம்தான். இரைச்சல் இல்லை, நிலையத்தின் பெயர் திரையில் ஓடுகிறது, எல்லாம் சரி. பதிவு செய்யத்தான் பட்டன் இல்லை. இருந்த காலமும் உண்டு. 2004-இல் பிரிட்டனில் ப்யூர் நிறுவனம் கொண்டுவந்த 'பக்' பெட்டியில் எஸ்டி கார்டைச் செருகினால், காற்றில் வரும் எம்பி2 (எம்பி3-க்கு முந்தைய ஒலிச் சுருக்க முறை) ஓடையை அப்படியே பதிந்து தரும். பழைய பொருள் விற்கும் இடங்களில் அதைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாங்கும் முன் இரண்டைக் கவனியுங்கள். டிஏபி என்ற டிஜிட்டல் வானொலி முறையின் அடுத்த வடிவமான டிஏபி பிளஸ் தரநிலை 2007-இல்தான் வந்தது. அந்த நிலையங்கள் இதில் பேசாது. 2006-இல் வந்த எஸ்டிஎச்சி கார்டுகளும் இந்தப் பெட்டிக்குப் பிந்தியவை. 2 ஜிபிக்கு மேற்படாத பழைய கார்டாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆகவே இன்றைக்கு உருப்படியான வழி கணினிதான். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யூஎஸ்பி டாங்கிளும் (கணினியில் செருகும் சிறு வானொலி ஏற்பி), அப்ரகடாப்ரா என்ற இலவசத் திறமூல மென்பொருளும் சேர்ந்த ஜோடி பற்றியதே இந்த மதிப்புரை. பெயருக்கு நடுவே டிஏபி என்ற மூன்று எழுத்து ஒளிந்திருப்பது ஆங்கிலத்தில் எழுதினால் தெரியும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டாங்கிளும் ஆன்டெனாவும் சேர்ந்த பெட்டி ஏறத்தாழ 40 டாலர்.

யாருக்கு இது? டிஏபி ஒலிபரப்பு உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கு. பிரிட்டனில் பிபிசி 1995 செப்டம்பரில் தொடங்கியது. நார்வே 2017-இல் தேசிய எஃப்எம் ஒலிபரப்பையே மூடிவிட்டது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பாளர் 2024 முடிவோடு எஃப்எம்மை நிறுத்தியது. ஓஸ்லோவிலும் சூரிச்சிலும் இருக்கும் நம்மவர்களுக்கு வானொலி என்றாலே இனி பெரும்பாலும் இதுதான். தமிழ்நாட்டில் இதை வாங்கிச் செருகினால் டிஏபி அலைவரிசையில் கேட்க ஒன்றும் அகப்படாது. ஆகாசவாணி தேர்ந்தெடுத்தது டிஆர்எம் என்ற வேறு முறை. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பிரிட்டனை வைத்து.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பதிவின் தரத்துக்குப் பத்துக்கு 9. அமைத்து எடுக்கும் எளிமைக்கு 5. ஒலிப்பதிவில் இந்த ஜோடி கைவிடுவதே இல்லை. காற்றில் வந்த பிட்டுகளை ஒன்று விடாமல் பிடித்துவைத்த பிறகு, சிடித் தட்டுக்கு மாற்றும் வேலையில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தடைக்கல் டிரைவர். டாங்கிளின் உள்ளே இருப்பது டிவி பார்க்கச் செய்த ஆர்டிஎல்2832யூ சிப். செருகியதும் விண்டோஸ் அதை டிவி ட்யூனர் என்று நினைத்து அதற்கான டிரைவரைப் போட்டுவிடும். அப்ரகடாப்ரா 'கருவி இல்லை' என்று நிற்கும். ஸாடிக் என்ற சிறு நிரலைத் திறந்து, ஆப்ஷன்ஸில் எல்லாக் கருவிகளையும் காட்டச் சொல்லி, 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்ற வரியைத் தேர்ந்து வின்யூஎஸ்பி டிரைவரை ஏற்ற வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் கீபோர்டும் மவுஸும் இருக்கும். அவசரத்தில் கீபோர்டின் டிரைவரை மாற்றிவிட்டால் அடுத்த நிமிடம் தட்டச்சு செய்ய வழியிருக்காது. வரியை இருமுறை படித்துவிட்டு அமுக்குங்கள். லினக்ஸில், டிவிக்கான கெர்னல் மாட்யூலைத் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும். டாங்கிளில் மூன்றாம் பதிப்பு, நான்காம் பதிப்பு என்று இரண்டு புழக்கத்தில் உள்ளன. நான்காம் பதிப்பில் ட்யூனர் சிப் வேறு. பழைய டிரைவர் நூலகத்தோடு ஓட்டினால் கருவி தெரியும், ஆனால் நிலையம் ஒன்றுகூட வராது. டாங்கிள் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஆன்டெனாவை அளந்து வையுங்கள், கண்ணளவு வேண்டாம். பிபிசியின் தேசிய மல்டிபிளெக்ஸ் (பல நிலையங்களை ஒன்றாகச் சுமந்துவரும் ஒரே அலை) 12பி (12B), அதாவது 225.648 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 1.33 மீட்டர்; கால்பங்கு 33 செ.மீ. கம்பியின் தடிமனுக்குச் சற்றுக் கழித்தால் ஒரு கைக்கு 32 செ.மீ. பெட்டியோடு வரும் இழுத்து நீட்டும் கம்பிகளில் பெரிய ஜோடியை எடுத்து, இரண்டையும் 32 செ.மீ.க்கு நீட்டி, ஒன்று மேலே ஒன்று கீழே பார்க்கும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். பிரிட்டனில் டிஏபி அலை செங்குத்து முனைவாக்கத்தில் வருகிறது. பழைய டிவி ஆன்டெனா போல V வடிவில் விரித்துக் கிடையாக வைத்தால் சிக்னலில் பெரும்பகுதி வீண். ஜன்னலோரம் நல்லது. கணினியை ஒட்டி வைப்பது கெடுதல். யூஎஸ்பி 3 போர்ட்டுகளும் மலிவான சார்ஜர்களும் அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி நீட்சிக் கம்பி போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தாலே போதும்.

அடுத்து கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு. முழுசாகத் திருகிவைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. டாங்கிளில் அலையை எண்ணாக்கும் மாற்றி வெறும் 8 பிட். வலுவான சிக்னல் வந்தால் நிரம்பி வழியும். பக்கத்தில் எஃப்எம் கோபுரம் இருந்தால் தொல்லை இரட்டிப்பு: 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எஃப்எம்மின் இரண்டாம் ஒத்திசை (இரு மடங்கு அதிர்வெண்) 176 முதல் 216-இல் விழுகிறது, அது டிஏபியின் வீட்டுக்குள்ளேயே. தானியங்கியில் தொடங்குங்கள், திரையில் எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு என்ற எண்) தள்ளாடினால் கைமுறைக்கு மாற்றி, படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். குறைக்கக் குறைக்க எண் ஏறினால் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். 12 டெசிபெலுக்கு மேல் நிலையாக நின்றால் பதிவைத் தொடங்கலாம். 8-ஐ ஒட்டி ஆடினால் பழைய டிஏபி நிலையங்களில் தண்ணீர் கொதிப்பது போன்ற 'குளுகுளு' சத்தம் வரும். டிஏபி பிளஸில் அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. அதில் ரீட்-சாலமன் பிழைதிருத்தம் கூடுதலாக இருப்பதால் கடைசிவரை சுத்தமாகப் பேசிவிட்டுச் சட்டென்று வாய் மூடிக்கொள்ளும். காதால் கேட்டு 'நன்றாக இருக்கிறது' என்று முடிவு செய்யாமல் எண்ணைப் பார்த்து முடிவு செய்வது அதனால்தான்.

இப்போது இந்த மென்பொருளை வாங்கத்தக்கதாக ஆக்கும் இடம் (இலவசம்தான், ஆனாலும்). பதிவை இரண்டு விதமாக எடுக்கலாம்: காற்றில் வந்த குறியாக்கப்பட்ட ஓடையை அப்படியே, அல்லது விரித்த ஒலியை வேவ் கோப்பாக. பழைய டிஏபி நிலையத்துக்கு ஓடையையே எடுங்கள். எம்பி2 கோப்பு கிடைக்கும். ஒலிபரப்பியவர் அனுப்பியதன் அசல் அது, அதைவிட நல்ல பிரதி உலகில் இல்லை. அளவும் சிறிது: விநாடிக்கு 128 கிலோபிட் நிலையம் மணிக்கு 57.6 மெகாபைட், 192 கிலோபிட் நிலையம் 86.4 மெகாபைட். அதே ஒரு மணி நேரம் 48 கிலோஹெர்ட்ஸ் வேவாக 691 மெகாபைட்.

டிஏபி பிளஸுக்கு இந்த அறிவுரையைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடையாகப் பதிந்தால் ஏஏசி (இன்னொரு ஒலிச் சுருக்க முறை) கோப்பு வரும். பெரும்பாலான பிளேயர்களில் அது ஓடாது, ஓடினாலும் கரகரக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. சாதாரண ஏஏசியில் ஒரு சட்டகத்துக்கு (ஒலியைச் சுருக்கி அடுக்கும் ஒரு துண்டுக்கு) 1024 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்). டிஏபி பிளஸில் 960. ஏன் 960 என்றால், 48 கிலோஹெர்ட்ஸில் 960 மாதிரி சரியாக 20 மில்லிவிநாடி. அப்படி ஆறு சேர்ந்தால் 120 மில்லிவிநாடி, டிஏபியின் 24 மில்லிவிநாடிச் சட்டகங்கள் ஐந்தோடு இம்மி பிசகாமல் பொருந்தும். ஒலிபரப்புக்கு அழகான கணக்கு, நம் கார் ஸ்டீரியோவுக்குத் தலைவலி. ஏஏசி கோப்பின் தலைப்பில் '960' என்று எழுதிவைக்க இடமே கிடையாது. பிளேயர் 1024 என்றே எடுத்துக்கொண்டு தடுமாறுகிறது. ஆகவே டிஏபி பிளஸ் நிலையமென்றால் வேவ், இரண்டாம் யோசனை வேண்டாம். விநாடிக்கு 32 கிலோபிட்டில் ஓடும் வணிக நிலையத்தை வேவாகப் பதிந்ததால் தரம் கூடிவிடும் என்று எண்ண வேண்டாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

எம்பி2 பதிவிலும் ஒரு கண்ணி உண்டு. மல்டிபிளெக்ஸில் இடம் வரையறுக்கப்பட்டது. ஒரு நிலையம் புதிதாக விழித்தால் மற்றவற்றின் பங்கு சுருங்கும். விளையாட்டு வர்ணனைக்கான ஃபைவ் லைவ் ஸ்போர்ட்ஸ் எக்ஸ்ட்ரா ஒலிபரப்பாகும் நேரத்தில், பிபிசியின் செவ்வியல் இசை நிலையமான ரேடியோ 3 192 கிலோபிட்டிலிருந்து 160-க்கு இறங்குவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. பதிவு நடக்கும்போதே இது நிகழ்ந்தால் ஒரே கோப்புக்குள் இரண்டு பிட்விகிதம் இருக்கும். முதல் சட்டகத்தை மட்டும் பார்த்து நீளத்தைக் கணக்கிடும் பிளேயர் தப்பான நேரம் காட்டும், நடுவில் தாவினால் வேறெங்கோ போய் நிற்கும். வெட்டும்போது அந்த இடத்தில் கோப்பை இரண்டாகப் பிரித்துவிட்டால் தீர்ந்தது.

நேரம் குறித்துப் பதிவு செய்யும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. முன்னால் 2 நிமிடம், பின்னால் 5 நிமிடம் சேர்த்துக் கொடுங்கள். டிஏபி எஃப்எம்மைவிடச் சில விநாடி தாமதம். நேரடிக் கச்சேரியோ கைதட்டலுக்குத் தக்கபடி நீளும். கணினி தூங்கப் போனால் பதிவும் தூங்கும்: ஸ்லீப்பை அணைப்பதோடு, பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைக்க வேண்டும். இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம். அறிகுறி எளிது, 20 அல்லது 30 நிமிடம் ஒழுங்காக ஓடிய பதிவு திடீரென அறுந்திருக்கும். விண்டோஸ் அப்டேட்டுக்கான 'ஆக்டிவ் ஹவர்ஸ்' இரவுக் கச்சேரியை உள்ளடக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறை என்று சொன்னால், ஒரு நேரத்தில் ஒரு நிலையத்தையே பதிய முடியும். ரேடியோ 3, ரேடியோ 4 இரண்டும் ஒரே 12பி மல்டிபிளெக்ஸில், டாங்கிளுக்குள் இரண்டும் வந்துகொண்டிருந்தாலும் ஒன்றுதான் கோப்பாகும். இதற்கு மாற்று, கச்சா அலையையே பதிவது. விநாடிக்கு 20.48 லட்சம் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 2 பைட், மணிக்கு 14.7 ஜிபி. பிறகு அந்தக் கோப்பையே மூலமாகக் கொடுத்து வேண்டிய நிலையத்தைப் பிரித்தெடுக்கலாம். கணினியின் வன்வட்டில் இடம் இருப்பவர்களுக்கு இது ஒரு வரம். வெல்லே ஐஓ என்ற இன்னொரு இலவச மென்பொருளின் கட்டளைவரி வடிவம் ஒரு மல்டிபிளெக்ஸின் எல்லா நிலையங்களையும் ஒரே நேரத்தில் கோப்புகளாகக் கொட்டிவிடும். கறுப்புத் திரைக்குப் பயப்படாதவர்கள் அதைப் பார்க்கலாம். வேறு மல்டிபிளெக்ஸ் என்றால், உதாரணமாக 11டி, இரண்டாவது டாங்கிள் வாங்குவதைத் தவிர வழியில்லை.

இனி தட்டு. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் ப்ராம்ஸ் (Proms) இசைவிழாக் கச்சேரிகள் ஒன்றுவிடாமல் ரேடியோ 3-இல் நேரடியாக வருகின்றன. அப்படி ஒன்றை சிடியாக்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் வெட்டு எம்பி2 நிலையிலேயே நடக்கட்டும். எம்பி3டைரக்ட்கட் என்ற சிறு நிரல் எம்பி2-வையும் விரிக்காமலே வெட்டும். ஒரு சட்டகம் 1152 மாதிரி, அதாவது 24 மில்லிவிநாடி. அந்தப் படிகளில்தான் வெட்டு விழும், முன்பின் அறிவிப்புகளைக் கழிக்க அது தாராளம். கச்சேரி 80 நிமிடத்தைத் தாண்டும் என்பதால் இடைவேளையில் இரண்டாகப் பிரியுங்கள்.

அடுத்து ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து 48 கிலோஹெர்ட்ஸை 44.1-க்கு மாற்ற வேண்டும். சிடியின் தரநிலை 44.1, அதில் பேரம் கிடையாது. மாற்றாமலே '44.1' என்று முத்திரை மட்டும் குத்தினால், ஒரு மணி நேரம் 65 நிமிடம் 18 விநாடியாக இழுக்கும், சுருதியும் முக்கால் கட்டை போல இறங்கும். பேச்சில் இது சட்டென்று பிடிபடாது. அறிவிப்பாளருக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம் போல இருக்கும், அவ்வளவே. இசை தெரிந்தவர் காதுக்கு முதல் ஸ்வரத்திலேயே உறுத்தும். மாற்றும் முன் ஒலியளவை 1.5 டெசிபெல் குறையுங்கள். எம்பி2-வை விரிக்கும்போதும் மாதிரி விகிதம் மாற்றும்போதும் உச்சங்கள் எல்லையைத் தாண்டிச் சிகரம் நறுக்கப்படுவது உண்டு. தாளவாத்திய முழக்கத்தில் 'டப்' என்று கேட்பது அதுதான். 'நார்மலைஸ்' (உச்சத்தை எல்லைவரை ஏற்றுவது) ஆசையை டிராக் டிராக்காகத் தீர்த்துக்கொள்ளாதீர்கள், மெல்லிய இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு இணையாகக் கத்தத் தொடங்கும்.

டிராக் பிரிக்கும் இடம்தான் இந்த வேலையின் நுட்பம். சிடியில் ஒலி, விநாடிக்கு 75 சட்டகங்களாக எழுதப்படுகிறது. ஒரு சட்டகம் 588 மாதிரி. நீங்கள் வெட்டிய கோப்பு 588-இன் முழு மடங்காக இல்லாவிட்டால், எழுதும் மென்பொருள் மீதியை வெறுமையால் நிரப்பும். தனித்தனிப் பாட்டுக்கு அது தெரியாது. இடைவெளியின்றி ஓடும் இசையில் 'டிக்' என்று கேட்கும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பாகம் நிற்காமல் நான்காவதுக்குள் பாய்கிறது. அந்தத் தாவலின் நடுவில் ஒரு டிக் விழுந்தால் பதிவு முழுவதும் வீணானதாகத் தோன்றும். ஆடாசிட்டியின் கீழ்ப்பட்டையில் 'ஸ்னாப்' என்பதை சிடிடிஏ (ஆடியோ சிடி) சட்டகங்களுக்கு மாற்றிவிட்டு, கன்ட்ரோலும் B-யும் அமுக்கி லேபிள் வைத்து, லேபிள் வாரியாகப் பல கோப்புகளாக ஏற்றுமதி செய்யுங்கள். 44.1-க்கு மாற்றிய பிறகே லேபிள் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் கணக்கு ஒட்டாது.

எழுதும்போது 'டிஸ்க்-அட்-ஒன்ஸ்' (தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும்) முறையைத் தேர்ந்து, டிராக்குகளுக்கிடையே உள்ள 2 விநாடி இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். முதல் டிராக்குக்கு முன்னுள்ள 2 விநாடியைத் தொடக்கூடாது, அது தரநிலையின் பகுதி. லினக்ஸில் கே3பி, விண்டோஸில் இம்க்பர்ன் இரண்டும் இதைச் செய்யும். இம்க்பர்னுக்கு க்யூ கோப்பு (டிராக்குகளின் வரிசையைச் சொல்லும் சிறு கோப்பு) தயார்செய்ய வேண்டியிருக்கும். வேகம் 16 போதும், 80 நிமிடத் தட்டு 5 நிமிடத்தில் முடிந்துவிடும். சிடி-ஆர்டபிள்யூ வாங்கி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அதன் பிரதிபலிப்பு சிடி-ஆரில் பாதிகூட இல்லை, பழைய பிளேயர்களின் லேசருக்குக் கண் தெரியாது. 'மியூசிக்' என்று அச்சிட்ட சிடி-ஆர் தனிநின்ற ரெக்கார்டர் பெட்டிகளுக்கானது, கணினிக்கு அதற்குக் கூடுதல் காசு தர வேண்டாம்.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு வழி டிவிடி. டிவிடி-வீடியோவின் இயல்பான மாதிரி விகிதம் 48 கிலோஹெர்ட்ஸ். பால் (PAL) டிவி முறை நாடுகளின் டிவிடி பிளேயர்கள் எம்பி2 ஒலியை நேரடியாக வாசிக்கக் கடமைப்பட்டவை. ஒரு நிலைப்படத்தை வைத்து, பதிந்த எம்பி2-வை மறுபடி குறியாக்காமல் அப்படியே சேர்த்தால், விகித மாற்றமும் இல்லை, 80 நிமிட வேலியும் இல்லை. காரில் கேட்க முடியாது என்பதே குறை. காருக்கு வேண்டுமானால் எம்பி3-ஆக மாற்றித் தரவுத் தட்டில் போடுங்கள். எம்பி2 கோப்பின் பெயரை மட்டும் எம்பி3 என்று மாற்றி ஏமாற்றும் வித்தை சில ஸ்டீரியோக்களில் பலிக்கும், பலவற்றில் பலிக்காது. அசல் எம்பி2 கோப்புகளைத் தனியாகப் பாதுகாக்க ஒரு சாதாரண டேட்டா டிவிடி போதும்: 192 கிலோபிட்டில் 54 மணி நேரம் கொள்ளும்.

இத்தனை பாடு எதற்கு, இணையத்தில் கேட்கக்கூடாதா என்றால், நியாயமான கேள்வி. ரேடியோ 3 இணையத்தில் 320 கிலோபிட் ஏஏசியாக வருகிறது. ஒலித்தரத்தில் அது டிஏபியின் 192 எம்பி2-வை வெல்லும். ஆனால் பிபிசி சவுண்ட்ஸ் செயலியில் இறக்கியது செயலிக்குள்ளேயே கிடக்கும், கெடு முடிந்தால் போய்விடும், தட்டில் ஏறாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு, வேறொரு வசதியான நேரத்தில் கேட்பதற்காக வீட்டில் சொந்த உபயோகத்துக்கு ஒலிபரப்பைப் பதிவதை அனுமதிக்கிறது. சொந்தப் பிரதிகளுக்கென்று 2014-இல் வந்த தாராளமான விலக்கை 2015-இல் உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே இந்தத் தட்டு உங்கள் அலமாரிக்கு மட்டும்; நண்பருக்கு ஒன்று, சங்கத்து நூலகத்துக்கு ஒன்று என்று எழுதித் தர அந்தப் பிரிவு துணைக்கு வராது.

எழுதி முடித்த தட்டை, எழுதிய கணினியில் அல்லாமல் வீட்டிலுள்ள பழைய பிளேயரில் போட்டு, கடைசி டிராக்கின் கடைசி நிமிடத்தைக் கேட்டுப் பாருங்கள். தட்டில் எழுதும்போது நேரும் பிழைகள் அதன் வெளி ஓரத்தில்தான் முதலில் தலைகாட்டும். மேற்புறத்தில் நிலையம், தேதி, பிட்விகிதம் மூன்றையும் நீர் மை மார்க்கரால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா கூடாது, அந்தப் பக்கம் உள்ள அரக்குப் பூச்சு மெல்லியது, கீழே இருக்கும் உலோகப் படலத்தையே கீறிவிடும். ஒட்டும் காகித லேபிளும் வேண்டாம். ஒரு பக்கம் உரிந்தால் தட்டு சமநிலை இழந்து ஆடும், கார் பிளேயரில் சிக்கினால் வெளியே எடுக்க மெக்கானிக்கைத்தான் தேட வேண்டும்.